மோட்டார் நின்றுவிட்டதா? – வாசகர் கேள்வி பதில்

வீட்டுச் சாதனங்களை ஒன்றோடொன்று இணைத்துக் கண்காணிப்பது, ஆபத்து வரும்போது அவற்றைத் தானாகவே அணையச் செய்வது ஆகியவை குறித்து வந்த கடிதங்களில் ஆறினை இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டிருக்கிறோம். பலர் ஒரே விஷயத்தைக் கேட்டிருந்ததால், முதல் இரண்டு பதில்கள் சற்று நீளமாக அமைந்திருக்கின்றன.

எங்கள் வீட்டு ஆழ்துளைக் கிணற்றில் 1 ஹெச்.பி. சப்மெர்சிபிள் மோட்டார் உள்ளது. 16 ஆம்பியர் வைஃபை சுவிட்ச் ஒன்றை மாட்டிக் கைப்பேசி மூலம் இயக்கி வந்தோம். ஒரு நாள் மோட்டார் ஓடும்போதே இணையம் போய்விட, நிறுத்த முடியாமல் தொட்டி வழிந்து ஓடியது. இப்போது அதைவிட மோசம்: செயலி ‘ஆஃப்’ என்று காட்டுகிறது, மோட்டாரோ ஓடிக்கொண்டே இருக்கிறது. விலை கூடிய சுவிட்ச் வாங்கினால் சரியாகுமா?
– வாசகர், மதுரை

விலை கூடியதை வாங்கினாலும் சரியாகாது. நீங்கள் எழுதியிருப்பவை இரண்டு வெவ்வேறு கோளாறுகள். இரண்டுக்கும் காரணம் சுவிட்சின் தரம் அல்ல, அதை வைத்த இடம்.

முதல் கோளாறைப் பார்ப்போம். நீங்கள் கைப்பேசியில் ‘ஆஃப்’ அழுத்தினால், அந்தக் கட்டளை எங்கோ உள்ள நிறுவனத்தின் சர்வருக்குப் போய், அங்கிருந்து உங்கள் ரவுட்டருக்கு வந்து, பிறகுதான் சுவிட்சை அடைகிறது. மோட்டாரைத் தொடங்குவதற்கு இந்தச் சுற்றுவழி போதும், ஏனெனில் கட்டளை வந்து சேராவிட்டால் மோட்டார் ஓடாது, அவ்வளவுதான். நிறுத்துவதற்கு இது போதாது. நிறுத்தும் முடிவை மோட்டாருக்குப் பக்கத்தில் இருக்கும் கருவியே, யாருடைய உதவியும் இல்லாமல் எடுக்க வேண்டும். இதற்கு எளிய வழி நேர வரம்பு. காலித் தொட்டி நிரம்ப எத்தனை நிமிடம் ஆகிறது என்று ஒருமுறை கடிகாரம் பார்த்துக் குறித்துக்கொண்டு, அதைவிடச் சற்றே கூடுதலான நேரத்தைச் சுவிட்சுக்குள்ளேயே பதித்துவிடுங்கள். சில சுவிட்சுகளின் செயலியில் இது ‘இஞ்சிங்’ என்ற பெயரில் இருக்கும். டாஸ்மோட்டா மென்பொருள் ஏற்றிய கருவிகளில் ‘பல்ஸ்டைம்’ என்ற கட்டளை உண்டு. நீண்ட நேரங்களுக்கு வேண்டிய விநாடிகளோடு நூறைக் கூட்டிக் கொடுக்க வேண்டும் என்பது அதன் வழக்கம். ஆகவே 40 நிமிடத்துக்கு 2400 அல்ல, 2500 என்று எழுத வேண்டும். இணையம் போனாலும் ரவுட்டரே எரிந்துபோனாலும் அந்த நேரம் முடிந்ததும், சுவிட்சுக்குள் மின்சாரத்தை இணைத்தும் துண்டித்தும் வைக்கும் ரிலே திறந்துகொள்ளும்.

ரிலே திறந்தால்தான் என்பதில் உங்கள் இரண்டாவது கோளாறு வந்துவிடுகிறது. சுவிட்சின் மேல் அச்சிட்டிருக்கும் 16 ஆம்பியர் என்பது பெரும்பாலும் ஹீட்டர் போன்ற சுமைக்கான கணக்கு. உங்கள் மோட்டார் ஓடும்போது 6 முதல் 8 ஆம்பியர்தான் எடுக்கும் என்றாலும், தொடங்கும் அந்தக் கணத்தில் அதைப்போல ஐந்தாறு மடங்கு இழுக்கும். ஒவ்வொரு முறையும் ரிலேயின் தொடுமுனைகள் பொறி விட்டுப் பொறி விட்டு, ஒரு நாள் ஒன்றோடொன்று பற்றவைத்ததுபோல ஒட்டிக்கொள்கின்றன. கருவி தன் கடமையாக ‘ஆஃப்’ என்று சொல்லிவிட்டது. செயலியும் அதை நம்பிக் காட்டுகிறது. ஒட்டிக்கொண்ட தொடுமுனைகளுக்கு அது தெரியாது.

ஆகவே மோட்டாரின் மின்சாரத்தை வைஃபை சுவிட்ச் வழியாக ஓட விடாதீர்கள். கான்டாக்டர், அதாவது காந்தக் காயிலால் இயங்கும் பெரிய சுவிட்ச், உள்ள ஸ்டார்ட்டர் பெட்டி வேண்டும். அந்தக் கான்டாக்டர் மோட்டார் சுமைக்கு உரிய ‘ஏ.சி.-3’ வகைக் கணக்கில், உங்கள் மோட்டாரின் ஆம்பியருக்கு மேல் இடம்விட்டதாக இருக்க வேண்டும். இத்தகைய பெட்டியில் பச்சைப் பொத்தானை அழுத்தியதும் காயிலுக்கு மின்சாரம் வந்து கான்டாக்டர் மூடிக்கொள்கிறது. கையை எடுத்த பின்னும் அதிலேயே உள்ள ஒரு துணைத் தொடுமுனை அந்தக் காயிலைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. சிவப்புப் பொத்தான் அந்தப் பிடியை அறுக்கிறது. உங்கள் வைஃபை கருவியின் ஒரு ரிலேயைப் பச்சைப் பொத்தானுக்கு இணையாகச் சேர்த்து, ஒரு விநாடி மட்டும் மூடித் திறக்கச் செய்யுங்கள். இன்னொரு ரிலேயைச் சிவப்புப் பொத்தானோடு தொடராகச் சேர்த்து, மோட்டார் ஓட வேண்டிய நேரம் முழுவதும் அதை மூடிய நிலையில் வைத்திருக்கச் செய்யுங்கள். இப்படிச் செய்தால் கருவி செத்தாலும் மோட்டார் நிற்கும். மின்சாரம் போய் வந்தால் மோட்டார் தானாக ஓடாது. வீட்டில் உள்ளவர்கள் கைப்பேசியைத் தேடாமல் சிவப்புப் பொத்தானை அழுத்தியும் நிறுத்தலாம். ரிலே சுமப்பது காயிலின் சிறிய மின்னோட்டத்தை மட்டும் என்பதால் அது ஒட்டிக்கொள்ளும் வாய்ப்பும் மிகக் குறைவு. பெட்டியைத் திறந்து செய்யும் இந்த வேலை உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனுக்கு உரியது.

அடுத்து, நின்றதா என்று கருவியைக் கேட்காமல் கம்பியைக் கேளுங்கள். மோட்டாருக்குப் போகும் கம்பியைச் சுற்றி மாட்டி மின்னோட்டத்தை அளக்கும் சி.டி. வளையமும் அதனோடு சேர்ந்த மின்னளவுக் கருவியும் இதற்குப் போதும். ‘ஆஃப்’ கட்டளை போய் ஐந்து விநாடிக்குப் பிறகும் மின்னோட்டம் இருந்தால் உரக்க அலாரம் ஒலிக்க வேண்டும், கைப்பேசிக்கும் செய்தி போக வேண்டும். அப்போது மோட்டாருக்கான எம்.சி.பி. பிரேக்கரைக் கீழே தள்ளுவது வீட்டில் உள்ளவர் வேலை. இதற்கும் மேலாக இரண்டாவது கான்டாக்டர் ஒன்றைப் போடுவார்கள். ஆலைகளில் அது தேவை, ஒரு வீட்டு மோட்டாருக்கு அது வீண் செலவு என்பது என் எண்ணம். வளையத்தை மாட்டும்போது கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு: பேஸ், நியூட்ரல் இரண்டும் சேர்ந்த கேபிளை அப்படியே வளையத்துக்குள் விட்டால், போகும் மின்னோட்டமும் திரும்பும் மின்னோட்டமும் ஒன்றையொன்று அழித்துவிட, மோட்டார் முழு வேகத்தில் ஓடினாலும் அளவு பூஜ்யமாகவே இருக்கும். ஒற்றைக் கம்பி மட்டுமே உள்ளே போக வேண்டும்.

இதே கருவி கிணறு வற்றுவதையும் சொல்லிவிடும். சப்மெர்சிபிள் மோட்டாரைக் குளிர்விப்பது அதைச் சுற்றியுள்ள நீர்தான் என்பதால், நீரின்றி ஓடுவது அதற்குப் பெருங்கேடு. நீர் ஏறாதபோது சுமை குறைந்து ஆம்பியர் இறங்கும். ஆனால் சிங்கிள் பேஸ் மோட்டார்களில் ஆம்பியர் கொஞ்சமாகவே இறங்கலாம், வாட் அளவு நன்றாகவே இறங்கும். ஆகவே வாட்டைப் பாருங்கள். உங்கள் மோட்டார் நல்ல நீரில் எவ்வளவு காட்டுகிறது என்று கோடையில் ஒருமுறை, மழைக்குப் பின் ஒருமுறை குறித்துக்கொண்டு வரம்பை வையுங்கள். கடைக்காரர் சொல்லும் எண்ணைக் கண்ணை மூடிக்கொண்டு போட வேண்டாம்.

மொட்டை மாடித் தொட்டியில் நீர்மட்டம் காட்டும் அல்ட்ராசோனிக் சென்சார் வைத்து, ராஸ்பெரி பை என்ற சிறு கணினியில் ஹோம் அசிஸ்டன்ட் என்ற வீட்டுக் கட்டுப்பாட்டு மென்பொருளை நிறுவி, இரண்டையும் எம்.க்யூ.டி.டி. என்ற செய்தி நெறிமுறை மூலம் இணைத்திருக்கிறேன். பெரும்பாலும் ஒழுங்காக ஓடுகிறது. ஆனால் ஒருமுறை தொட்டி நிரம்பிய பின்னும் ‘40 சதவீதம்’ என்றே காட்டி, மோட்டார் ஓடிக்கொண்டே இருந்தது. எங்கே தவறு?
– வாசகர், கோயம்புத்தூர்

நீங்கள் திரையில் பார்த்த 40 சதவீதம் பழைய செய்தியாக இருந்திருக்க வேண்டும். எம்.க்யூ.டி.டி.யில் ஒரு செய்தியை ‘ரீட்டெயின்’ என்ற குறியோடு அனுப்பினால், நடுவில் செய்திகளை வாங்கிக் கொடுக்கும் மென்பொருளான புரோக்கர் அதைப் பிடித்து வைத்துக்கொண்டு, கேட்பவர்களுக்கெல்லாம் கொடுத்துக்கொண்டிருக்கும். மாடியில் சென்சார் உயிரோடு இருக்கிறதா என்பது அதில் தெரியாது. இந்த நெறிமுறை 1999-இல் ஆண்டி ஸ்டான்ஃபோர்ட்-கிளார்க், ஆர்லன் நிப்பர் இருவரால், எண்ணெய்க் குழாய்களைச் செயற்கைக்கோள் வழியாகக் கண்காணிப்பதற்காக உருவாக்கப்பட்டது. தொடர்பு அடிக்கடி அறுபடும் என்று தெரிந்தே செய்ததால், அதற்கான மருந்தையும் உள்ளேயே வைத்திருக்கிறார்கள். கருவி இணையும்போதே ‘லாஸ்ட் வில்’ என்னும் செய்தியைப் புரோக்கரிடம் கொடுத்துவைக்கலாம். குறித்த ‘கீப் அலைவ்’ நேரத்தைப்போல ஒன்றரை மடங்கு நேரம் கருவியிடமிருந்து சத்தமே இல்லையென்றால், புரோக்கர் அந்தச் செய்தியை எல்லோருக்கும் வெளியிடும். கீப் அலைவ் 60 விநாடி என்றால், சென்சார் செத்த 90 விநாடிக்குள் ‘மாடிக் கருவி இல்லை’ என்று கீழே தெரிந்துவிடும்.

அது தெரிந்தால் மட்டும் போதாது, அதைக் கேட்டு மோட்டார் நிற்க வேண்டும். இங்கேதான் பலர் ராஸ்பெரி பையை நம்பிவிடுகிறார்கள். மின்சாரம் போய் வரும் ஊரில், எழுதிக்கொண்டிருக்கும்போதே மின்சாரம் அறுந்து மெமரி கார்டு கெட்டுப்போவது அதில் அடிக்கடி நடப்பது. ஹோம் அசிஸ்டன்ட் வரைபடம் காட்டட்டும், செய்தி அனுப்பட்டும், காலை ஆறு மணிக்கு மோட்டாரைத் தொடங்கவும் செய்யட்டும். ‘இரண்டு நிமிடமாகப் புதிய நீர்மட்டம் வரவில்லையென்றால் நிறுத்து’ என்ற விதி மட்டும் கீழே ஸ்டார்ட்டர் அருகில் உள்ள ஈ.எஸ்.பி.32 என்ற சிறு கட்டுப்பாட்டுக் கருவிக்குள் இருக்க வேண்டும். ஈ.எஸ்.பி.ஹோம் என்ற மென்பொருளைக் கொண்டு இதை எழுதுவது கடினமல்ல. மாடிக்கு வைஃபை எட்டாத வீடுகளிலும் தொலைவில் கிணறு உள்ள இடங்களிலும், உரிமம் தேவைப்படாத 865–868 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்கும் லோரா என்ற தொலைதூர ரேடியோ கருவிகள் கைகொடுக்கும். எந்த வழியில் வந்தாலும் விதி இதுதான்.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அல்ட்ராசோனிக் சென்சாரின் முகத்தில் நீராவி படிந்து துளித்துளியாக நின்றால் அளவு தாறுமாறாகும். மலிவான வகைகள் 20 சென்டிமீட்டருக்குள் நெருங்கிய நீரைக் காணவும் மாட்டா. தொட்டி நிரம்பும் கடைசி நேரத்தில், அதாவது நமக்கு மிகத் தேவையான நேரத்தில், அது குருடாகிவிடுகிறது. ஆகவே அளவு சொல்ல அல்ட்ராசோனிக் இருக்கட்டும், நிறுத்த ஒரு சாதாரண மிதவை சுவிட்ச் இருக்கட்டும். அதிலிருந்து மெல்லிய இரட்டைக் கம்பியைக் கீழே கொண்டுவந்து, தாழ் மின்னழுத்தத்தில், நேராக ஸ்டார்ட்டர் கருவியோடு சேர்த்துவிடுங்கள். தொட்டியில் இடம் இருக்கும்போது சுற்று மூடியிருக்க வேண்டும், நிரம்பினால் திறக்க வேண்டும். இதை மாற்றி வைத்தால், மாடியில் அணில் ஒரு நாள் கம்பியைக் கடித்துத் துண்டித்தபின் ‘நிரம்பியது’ என்ற செய்தி கீழே வரவே வராது. நான் சொன்னபடி வைத்தால், அணில் கடித்தாலும் மோட்டார் நிற்கும். தண்ணீர் வரவில்லையே என்று நீங்களே மாடிக்கு ஏறிப் பார்ப்பீர்கள்.

கெய்சரையும் இஸ்திரிப் பெட்டியையும் ஸ்மார்ட் பிளக்கில் மாட்டலாமா?
– வாசகி, சேலம்

2,000 வாட் கெய்சர் 230 வோல்ட்டில் ஏறத்தாழ 8.7 ஆம்பியர் எடுக்கும். 16 ஆம்பியர் பிளக் தாங்கும். இஸ்திரிப் பெட்டிக்கும் அதுவே. ஆனால் சுவரில் உள்ள சாக்கெட் தளர்ந்திருந்தால் தாங்க வேண்டியது அதுவும்தான். அரை மணி ஓடிய பின் பிளக்கைத் தொட்டுப் பாருங்கள், வெதுவெதுப்புக்கு மேல் சூடிருந்தால் சாக்கெட்டை மாற்றுங்கள். கெய்சரின் தெர்மோஸ்டாட்டுக்கும் அழுத்தம் குறைக்கும் வால்வுக்கும் ஸ்மார்ட் பிளக் மாற்று ஆகாது, மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.க்கும் ஆகாது. ஒரு அமைப்பை மறக்காமல் பாருங்கள்: மின்சாரம் போய் வந்தபின் பிளக் எந்த நிலையில் எழ வேண்டும் என்று செயலியில் கேட்டிருக்கும். ‘முந்தைய நிலை’ என்று விட்டால், துணியின் மேல் வைத்துவிட்டு மறந்த இஸ்திரிப் பெட்டி, நீங்கள் வெளியே போனபின் வரும் மின்சாரத்தில் மீண்டும் சூடேறும். சூடாகும் சாதனங்களுக்கு எப்போதும் ‘ஆஃப்’ என்றே வையுங்கள்.

சமையலறையில் எரிவாயு கசிந்தால், சென்சார் உணர்ந்து வால்வை மூடி, எக்ஸாஸ்ட் ஃபேனையும் ஓடவிடும்படி இணைக்க நினைக்கிறேன். சரியான யோசனையா?
– வாசகி, திருச்சி

பாதி சரி, பாதி ஆபத்து. ஃபேன் பற்றிய யோசனையை இன்றே விட்டுவிடுங்கள். கசிந்த வாயு நிரம்பிய அறையில் எந்தச் சுவிட்சையும் போடக்கூடாது, அணைக்கவும் கூடாது என்று சிலிண்டர் கொண்டுவருபவர் சொல்லும் பாடம் ரிலேக்கும் பொருந்தும். ரிலே மூடும் கணத்தில் எழும் பொறியும் ஃபேன் மோட்டாரின் பொறியும் வாயுவைப் பற்றவைக்கக்கூடும். கதவு, சன்னலைக் கையால் திறந்து, ரெகுலேட்டரை மூடி, வெளியே வந்து 1906 என்ற அவசர எண்ணுக்குப் பேசுவதுதான் முறை. அதே காரணத்தால் சென்சாரின் ரிலேயும் கட்டுப்பாட்டுப் பெட்டியும் சமையலறைக்கு வெளியே இருக்க வேண்டும்.

சென்சாரை எங்கே வைப்பது என்பதிலும் தவறு நடக்கிறது. புகை அறிவிப்பான்போலக் கூரையில் மாட்டிவிடுகிறார்கள். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது, தரையோடு தவழும். ஆகவே தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில், சிலிண்டருக்கு அருகே வைக்க வேண்டும். கடையில் நூறு ரூபாய்ச் சில்லறைக்குக் கிடைக்கும் எம்.க்யூ. வகைச் சென்சார் செய்து பழகுவதற்கு நல்லது, உயிரை நம்பி ஒப்படைப்பதற்கு அல்ல. சான்று பெற்ற அறிவிப்பான் வாங்குங்கள்.

வால்வு, மின்சாரம் இருந்தால் திறந்தும் இல்லாவிட்டால் மூடியும் இருக்கும் வகையாக இருக்கட்டும். இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. அடுப்பு எரியும்போது மின்சாரம் போனால் வால்வு மூடி, தீ அணைந்துவிடும். அடுப்பின் குமிழோ திறந்தே இருக்கும். மின்சாரம் வந்ததும் வால்வு தானாகத் திறந்தால், எரியாத வாயு அறைக்குள் கொட்டும். ஆகவே மூடுவது தானாக நடக்கலாம், திறப்பது ஒருவர் அடுப்பைப் பார்த்துவிட்டுக் கையால் பொத்தானை அழுத்தினால்தான் நடக்க வேண்டும். கைப்பேசியிலிருந்து திறக்கும் வசதியைக் கடைக்காரர் சிறப்பம்சமாகச் சொன்னால், அதை வாங்காமல் வருவதே நல்லது. வால்வைப் பொருத்தும் வேலையை எரிவாயு நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்றவரிடம் விடுங்கள், ஆரஞ்சு நிறக் குழாயை நாமே வெட்டக்கூடாது.

தென்னந்தோப்பில் த்ரீ பேஸ் மோட்டாருக்கு சிம் போட்ட மொபைல் ஸ்டார்ட்டர் வைத்திருக்கிறேன். ‘மோட்டார் ஆன்’ என்று குறுஞ்செய்தி வருகிறது, தோப்புக்குப் போனால் தண்ணீர் இல்லை. ஒருமுறை மோட்டாரின் காயில் கருகி, சுற்றுவதற்குக் கொடுக்க வேண்டியதாயிற்று.
– வாசகர், பொள்ளாச்சி

உங்கள் ஸ்டார்ட்டர் அனுப்புவது ‘நான் கட்டளை கொடுத்துவிட்டேன்’ என்ற செய்திதான். மூன்று பேஸிலும் மின்னோட்டம் அளந்து, அந்த எண்களைச் செய்தியில் அனுப்பும் வகைக்கு மாறுங்கள். ஓடும்போது ஒரு பேஸ் போனால் மீதி இரண்டிலும் மின்னோட்டம் ஏறத்தாழ 1.7 மடங்காகும், சூட்டில் வளைந்து அறுக்கும் ஓவர்லோடு ரிலே விழிப்பதற்குள் காயில் வெந்துவிடக்கூடும். ஒரு பேஸ் போனதும் மோட்டாரை நிறுத்தும் கருவியைச் சிங்கிள் பேஸ் பிரிவென்டர் என்று கடையில் கேட்டாலே தெரியும், அது மின்னோட்டத்தைப் பார்த்துச் செயல்படும் வகையா என்று மட்டும் உறுதி செய்யுங்கள். மின்னழுத்தத்தை மட்டும் பார்க்கும் வகைகளை, ஓடும் மோட்டாரே போன பேஸில் திருப்பித் தரும் மின்னழுத்தம் ஏமாற்றிவிடும். இரண்டு பேஸ் வரும் நேரத்தில் கன்டென்சர் போட்டு ஓட்டும் பழக்கம் உங்களுக்கு இருந்தால், அதைத் தானியங்கி ஸ்டார்ட்டரோடு சேர்க்க வேண்டாம். எதைக் கோளாறு என்று கொள்வது என்பது கருவிக்குத் தெரியாமல் போய்விடும்.

மின்னழுத்தத் தாழ்வும் உங்கள் பகுதியில் இருக்கலாம். கான்டாக்டரின் காயில் அதற்குரிய அழுத்தத்தில் 85 சதவீதம் கிடைத்தால்தான் உறுதியாக இழுக்கும். அதற்குக் கீழே தடதடவென்று அடித்துக்கொண்டு தொடுமுனைகளைத் தீய்க்கும். அழுத்தம் தாழ்ந்தால் நிறுத்தி, சீரான பின் சில நிமிடம் பொறுத்தே தொடங்கும்படி அமைத்துக்கொள்ளுங்கள். சிம் பற்றி ஒரு சொல்: 2ஜி மட்டும் அறிந்த கருவியில் 4ஜி மட்டும் தரும் நிறுவனத்தின் சிம் வேலை செய்யாது, ரீசார்ஜ் முடிந்த சிம்மும் அப்படியே. சிம் செத்தாலும் மோட்டார் தானே நிற்கும்படி நேர வரம்பு ஸ்டார்ட்டருக்குள் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

பெற்றோர் கும்பகோணத்தில் தனியாக இருக்கிறார்கள்; நான் சிங்கப்பூரில் வேலை செய்கிறேன். மோட்டார், கெய்சர், குளிர்சாதனப் பெட்டியில் உள்ள அப்பாவின் இன்சுலின் ஆகியவற்றை இங்கிருந்தே கண்காணிக்க முடியுமா?
– வாசகர், சிங்கப்பூர்

கண்காணிக்கலாம்; இயக்குவதைப் பெற்றோரிடமே விட்டுவிடுங்கள். மேலே மதுரை வாசகருக்குச் சொன்னபடி சிவப்புப் பொத்தான் உள்ள பெட்டியை அவர்கள் கைக்கெட்டும் உயரத்தில் வைத்து, ‘மோட்டார் நிறுத்த’ என்று தமிழில் பெரிதாக எழுதி ஒட்டச் சொல்லுங்கள். அங்கிருந்து நீங்கள் மோட்டாரைத் தொடங்குவது, அதே நேரத்தில் எலக்ட்ரீஷியன் பெட்டியைத் திறந்து வைத்திருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார்த்தால், வேண்டாம் என்றே தோன்றும்.

இன்சுலினுக்கு 2 முதல் 8 பாகை செல்சியஸ் வேண்டும். சென்சாரை, பெட்டியின் காற்றில் தொங்கவிடாமல், இன்சுலின் இருக்கும் தட்டில் ஒரு சிறு நீர்க்குப்பிக்குள் மூழ்கவைத்தால், கதவைத் திறக்கும்போதெல்லாம் வீண் எச்சரிக்கை வராது. 8 பாகையைத் தாண்டினால் மட்டுமல்ல, 2-க்குக் கீழே போனாலும் செய்தி வர வேண்டும். உறைந்த இன்சுலின் பயன்படாது. முக்கியமாக, அரை மணி நேரமாக அளவே வரவில்லையென்றாலும் செய்தி வர வேண்டும். அந்தச் செய்தியை அனுப்ப வேண்டியது கும்பகோணத்து வீட்டில் உள்ள கருவி அல்ல, வெளியே இருக்கும் சேவை. வீட்டில் மின்சாரமும் இணையமும் சேர்ந்தே போனால் அங்கிருந்து எதுவும் கிளம்பாது. ரவுட்டரை இன்வெர்ட்டரில் சேர்த்துவிடுங்கள். அதே செய்தி பக்கத்து வீட்டு நம்பிக்கையான ஒருவருக்கும் போகும்படி செய்துவிடுங்கள்.

அடுத்த முறை ஊருக்கு வரும்போது, எல்லாம் ஓடிக்கொண்டிருக்கையில் ரவுட்டரின் பிளக்கைப் பிடுங்குங்கள், பிறகு சென்சாரின் கம்பியைப் பிடுங்குங்கள், பிறகு மெயினை அணைத்துப் போடுங்கள். ஒவ்வொரு முறையும் மோட்டாரும் கெய்சரும் எந்த நிலையில் நிற்கின்றன, எத்தனை நிமிடத்தில் உங்கள் கைப்பேசிக்குச் செய்தி வருகிறது என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வராத செய்தி எது என்று தெரிந்தபின் மறுபடி எழுதுங்கள்.